முன்சீட்டில் எத்தனை கிலோ?

காடிக்கு, அதான் காருக்கு, அடியில படுத்துச் சம்பாதிக்கிற தொழில் என்னோடது. கஸ்டமரோட முகத்தைவிட அவரோட காடி வயித்தைத்தான் அதிகமாப் பார்த்திருக்கேன். என் பேரு மணியம், கிள்ளான்ல பட்டறை. இஞ்சினைத் தொட மாட்டேன், ஏர்கோன் தெரியாது, பெயின்ட் அடிக்க மாட்டேன். ஸ்ப்ரிங், அது ஆடுறதை அடக்குற அப்சார்பர், ரப்பர் புஷ், அதுவும் பழைய காடிக்கு மட்டும். முப்பது வருஷமா இதே பொழப்பு.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு பழைய காடியைக் கட்டிக்கிட்டு அழுறவரா இருந்தா, ஏதாவது ஒரு பட்டறை வாசல்ல நின்னு இதைக் கேட்டிருப்பீங்க: ஒரிஜினல் போடலாமா, வெளிச்சாமான் போடலாமா? ஒரிஜினல்னா, காடியைச் செஞ்ச கம்பெனி அன்னைக்குப் போட்ட அதே சாமான், அதுலயே இப்ப வர்ற உயர்ந்த ரகம். மெத்துன்னு இருக்கும், வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா கப்பல்ல வரணும், ஆறு வாரம் ஆகும். வெளிச்சாமான்னா வேற யாரோ செஞ்சது. காலையில கேட்டா மத்தியானம் கையில இருக்கும். அதுல நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. ரொம்ப நாளா நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்: "ஒரிஜினல் போடுங்க, காத்திருங்க." அந்தப் பதிலைச் சொல்லி நான் பட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

சிவப்பு ஸ்ப்ரிங்

சுபாங் ஜெயாவுல இருந்து ஒரு இஞ்சினியர் தம்பி வந்தார். ரெண்டு கதவு வச்ச பழைய ஜப்பான் காடி. போன்ல இருபது போட்டோ வச்சிருந்தார், எல்லாத்துலயும் காடி தரையோட தரையா ஒட்டிக்கிட்டு நிக்குது. அவருக்கு வேண்டியது சிவப்புக் கலர் வெளிச்சாமான் செட். உயரத்தை ஏத்தலாம், இறக்கலாம். "தம்பி, இது பந்தயம் ஓட்டுறவனுக்குன்னு கல்லு மாதிரி செஞ்சது, குடும்பத்தோட போறவருக்கு இல்ல. ஒரிஜினல் போடுங்க, ஆறு வாரம் பொறுங்க"ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "காடி என்னுது, முதுகும் என்னுது அண்ணே"ன்னுட்டார். எக்கேடோ கெட்டுப் போங்கன்னு மாட்டிக் கொடுத்தேன்.

மூணு வாரத்துல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தார். பந்திங்ல இருக்கிற மாமனாரைத் தீபாவளிக்குக் கூட்டிட்டு வரப் போயிருக்கார். செம்பனைக் குலை ஏத்துற லோரிங்க போயிப் போயி நாசமாக்கின ரோடு அது, குழி இல்லாத இடமே கிடையாது. பாதி வழியில மாமனார் "நிறுத்துங்க மாப்பிள்ளை"ன்னு சொல்லிட்டு இறங்கி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, வெயில்ல நின்னு பஸ் ஏறி வந்திருக்கார். வீட்ல இருந்த ரெண்டு நாளும் மருமகன்கூட ஒரு வார்த்தை பேசலையாம். நான் அப்பவே சொன்னேனேன்னு ஆரம்பிச்சேன். தம்பி ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு என் வாயை அடைச்சார்: "அண்ணே, ஓட்டுறதுக்கு அது சூப்பர் காடி லா. உக்காருறதுக்குத்தான் ஆளு கிடைக்கல."

எல்லாரும் ஏறி உக்காருங்க

தொழிலுக்கு வந்த புதுசுல நான் ஒரு தப்பு பண்ணேன். சக்கரத்தைக் காடியோட பிடிச்சு வச்சிருக்கிற இரும்புக் கைகளுக்கு நடுவுல ரப்பர் புஷ் இருக்கும். காடியைத் தூக்கி வச்சு, சக்கரம் அந்தரத்துல தொங்குறப்பவே அந்த நட்டை முடுக்கிட்டா, ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கும். அப்புறம் காடியை இறக்கி ஆள் ஏறினா, ரப்பர் முறுக்கிக்கிட்டே ஊர் முழுக்கச் சுத்தும். சீக்கிரமே கிழிஞ்சு போகும். ஒரு டாக்சிக்காரருக்கு அப்படி முடுக்கி அனுப்பினேன். நாலே மாசத்துல எல்லாப் புஷ்ஷும் கிழிஞ்சு, காடி நண்டு மாதிரி கோணிக்கிட்டு வந்து நின்னுச்சு. அந்த மனுசன் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு.

அன்னையிலிருந்து என் பட்டறையில ஒரு வழக்கம். கடைசி முடுக்கு முடுக்குறதுக்கு முன்னாடி காடியை நாலு சக்கரத்துல நிக்க வச்சு, வழக்கமா யாரு எங்க உக்காருவாங்களோ அவங்க அங்க உக்காரணும். நான் காடிக்கு அடியில தரையில வெட்டியிருக்கிற குழிக்குள்ள இறங்கி முடுக்குவேன். வர முடியாதவங்களுக்கு எடையைக் கேட்டு நோட்டுல எழுதிக்குவேன். என் கூட்டாளி லிம் பக்கத்து மளிகைக் கடையில அரிசிப் பையை இரவல் வாங்கிட்டு வந்து அந்தந்த சீட்ல அடுக்குவான். லிம் சீனன்தான், ஆனா கிள்ளான்லயே பொறந்து வளர்ந்தவன். என்னைவிட வேகமாத் தமிழ் பேசுவான், மரியாதைதான் கொஞ்சம் வராது. இந்த எடை கேக்குற வழக்கத்தால நான் வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்ச நஞ்சமில்ல. ஒரு அக்கா, நாலு பேரு டீ குடிச்சுக்கிட்டிருந்த இடத்துல, முகம் செவந்து போயிச் சொன்னாங்க: "என் புருஷனுக்கே இதைக் கேக்கத் தைரியம் கிடையாது. நீங்க ரோடு வரைக்கும் கேக்குற மாதிரி கேக்குறீங்க."

எதை எழுதிக்கிறீங்க?

இனிமே சொல்லப் போறது எல்லாம் ஒரே காடியைப் பத்தித்தான். பெட்டி மாதிரி சதுரமா இருக்கும், சுவீடன் காடி, வெள்ளைக் கலர். பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து வந்துச்சு. ஓட்டிக்கிட்டு வந்தவர் தர்மா சார். கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரா இருந்து ஓய்வு வாங்கினவர், எழுபது வயசு. ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாச் சொல்லுவார். முன்சீட்ல அவர் மனைவி சரோஜாக்கா. முதுகுக்குப் பின்னாடி ரெண்டு தலையணை. காடியை விட்டு இறங்கல.

தர்மா சார் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்குப் புற்றுநோய், முதுகெலும்புல பரவிடுச்சு. வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல பதினொரு பம்ப், வேகத்தைக் குறைக்க ரோட்டுக்குக் குறுக்க போட்ட மேடு. ஒவ்வொரு பம்ப்லயும் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வருது. வாடகைக் காடி எல்லாம் தாழ்வா இருக்கு, குனிஞ்சு ஏற முடியல. இந்த சீட்டுதான் உயரம், அப்படியே சாஞ்சு உக்காந்துக்கலாம். அதோட, வேற யாரோ ஒருத்தர் காதுல விழுற மாதிரி முனகுறதுக்கு அக்காவுக்குக் கூச்சம். "வலிக்கலைன்னுதான் சொல்றா மணியம். கோர்ட்டுல எத்தனையோ பேரு சொன்னதை மொழிபெயர்த்திருக்கேன். இவ சொல்றதை எனக்கு மொழிபெயர்த்துக்கத் தெரியாதா?"ன்னார்.

குழிக்குள்ள இறங்கிப் பார்த்தேன். நாலு அப்சார்பரும் செத்துப் போயி எண்ணெய் வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு, பின் ஸ்ப்ரிங் ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. மேல வந்து வழக்கம் போல நோட்டை எடுத்தேன். "ஒரிஜினல்ல உயர்ந்த ரகம் இருக்கு சார். அக்காவுக்கு அதுதான் சரி, மெத்தையில போற மாதிரி இருக்கும். ஆறு வாரம் ஆகும்"ன்னேன். "நல்லதையே போடுங்க. அவளுக்கு நல்லதுதான் வேணும்"ன்னார். அப்புறம் நான் சன்னல் பக்கம் போயி, இந்த வாய் சும்மா இருக்காம, "அக்கா, உங்க எடை எவ்வளவு?"ன்னு கேட்டுட்டேன். அக்கா கோவிச்சுக்கல. தலையணையில சாஞ்சபடி சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "இப்ப நாப்பத்தாறு, தம்பி. போன வருஷம் அறுபத்திரண்டு. எதை எழுதிக்கிறீங்க?"

ரேக்ல இருந்த செட்

நாப்பத்தாறுன்னுதான் எழுதினேன். காடி போனதும் லிம் ரேக்கைக் காட்டினான். அதே சுவீடன் காடிக்குப் பொருந்துற வெளிச்சாமான் செட் ஒண்ணு அங்க கிடந்துச்சு. கறுப்புக் கலர், பேரு தெரியாத கம்பெனி. யாரோ ஆர்டர் பண்ணிட்டு வாங்க வரல. பெரிசாச் சொல்லிக்கிற சாமான் இல்ல, ஆனா சிவப்பு ஸ்ப்ரிங் மாதிரி கல்லும் இல்ல. "இதை இப்பப் போட்டு விடு. ஒரிஜினல் வந்ததும் கழட்டிட்டு அதைப் போடு. ஒரு நாள் வேலைதானே லா"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. "ஒரே காடிக்கு ரெண்டு தடவை நட்டைக் கழட்டுற பழக்கம் என் பட்டறையில கிடையாது. இந்தக் குப்பையைப் போட்டு, அந்தம்மாவுக்கு முதுகுல ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"ன்னேன். உண்மையைச் சொல்லணும்னா அந்தம்மா முதுகைப் பத்தி நான் அந்த நேரம் நினைக்கவே இல்ல. என் பட்டறையில இருந்து வெளிச்சாமான் போட்ட ஒரு சுவீடன் காடி வெளிய போறதை நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்கன்னுதான் நினைச்சேன். சிவப்பு ஸ்ப்ரிங் தம்பி கதையை வேற இழுத்துப் பேசினேன். லிம் அந்த செட் மேல இருந்த தூசியைத் துணியால துடைச்சு, திரும்ப அதே இடத்துல வச்சான். போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னான்: "நீ காடியைப் பாக்குற. நான் உள்ள உக்காந்திருக்கிற ஆளைப் பாக்குறேன் லா."

பதினொரு பம்ப்

தர்மா சார் வெள்ளிக்கிழமை தவறாம போன் பண்ணுவார். "கப்பல் எங்க இருக்கு மணியம்?" ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தல. உயர்த்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நாலாவது வாரம் ஒரு புதுச் சத்தம் கேக்குதுன்னார். காடியைக் கிள்ளான் வரைக்கும் கொண்டு வர வேணாம், நானே வரேன்னு சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போற நாள் அது. நான் பின்சீட்ல உக்காந்துக்கிட்டேன், சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேக்குறதுக்கு.

முதல் பம்ப் வர்றதுக்கு இருபது அடி முன்னாடியே தர்மா சார் "ஒண்ணு"ன்னார். சரோஜாக்கா ரெண்டு கையையும் சீட்டுல ஊன்றி, உடம்பை ஒரு விரக்கடை தூக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டாங்க. காடி ஆமை வேகத்துல ஏறி இறங்குச்சு. செத்த அப்சார்பர் ஒரு தடவை இறங்கினா நிக்காது, மூணு தடவை ஆடும். அந்த மூணு ஆட்டமும் முடியற வரைக்கும் அக்கா மூச்சை விடல. பின்னாடி மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடிச்சான். தர்மா சார் கண்ணாடியைக்கூடப் பார்க்கல. "ரெண்டு"ன்னார். பங்சார் பக்கம் திரும்புறப்ப அஞ்சாவது பம்ப். அதுல அக்காவோட கை நழுவிடுச்சு. வாயில இருந்து வந்த சத்தத்தை எழுதத் தெரியல. நான் எந்தப் புதுச் சத்தத்தைக் கேக்க வந்தேன்னே மறந்து போச்சு. அந்த நாலு அப்சார்பரோட வேலையையும் நாப்பத்தாறு கிலோ பொம்பளை தன் ரெண்டு கையால செஞ்சுக்கிட்டு வர்றாங்க, நான் ஆறு வாரம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். வெட்கமா இருந்துச்சு. சாமி சத்தியமா, கதவைத் திறந்து இறங்கி ஓடிடலாம்னு இருந்துச்சு.

ஆஸ்பத்திரி வாசல்ல சக்கர நாற்காலியில அக்காவை உக்கார வச்சோம். "அக்கா, நாளைக்கே காடியை எடுத்துட்டு வாங்க. இப்போதைக்கு ஒரு வெளிச்சாமான் செட் மாட்டித் தரேன்"ன்னேன். அவங்களுக்கு மூச்சு இன்னும் சரியாகல. என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க: "அது முன்னாடியே உங்ககிட்ட இருந்துச்சா தம்பி?"

வேணாம்

சட்டைக் கையை மெல்ல விடுவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன். நேரா கிள்ளானுக்கு வந்தேன். லிம் என் முகத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டான். செட்டை ரேக்ல இருந்து இறக்கி, புது நட்டு எல்லாம் எடுத்து ஒரு தட்டுல வரிசையா வச்சான். குழியைக் கூட்டினான். மறுநாள் காலையில எட்டு மணியில இருந்து பட்டறை வாசலையே பார்த்துக்கிட்டிருந்தோம். வேற காடி எதையும் எடுக்கல. பசியாறக்கூடப் போகல.

பத்தரை மணிக்கு தர்மா சார் போன் பண்ணார். நேத்து ஆஸ்பத்திரியில அக்காவைப் பார்த்ததும் அங்கயே சேர்த்துக்கிட்டாங்களாம். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி குறைஞ்சிருச்சாம். இனி படுக்கைதான், வீட்டுக்கு வர்றதா இருந்தாலும் ஆம்புலன்ஸ்லதான் வரணுமாம். "பம்ப்னாலயா சார்?"ன்னு கேட்டேன். "நோய்னாலதான் மணியம், எப்படியும் வர வேண்டியதுதான்னு டாக்டர் சொல்றார்"ன்னார். நான் "செட் ரெடியா இருக்கு சார்"னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி. அவர் சொன்னார்: "வேணாம். நான் தனியாப் போயிட்டு வர்றதுக்கு இப்ப இருக்கிறதே போதும்."

பெட்டி வந்துச்சு

சாமான் ஏழாவது வாரம் வந்துச்சு. அழகான பெட்டி, உள்ள எண்ணெய்க் காகிதத்துல சுத்தின ஸ்ப்ரிங், அப்சார்பர். கைல எடுத்தாலே தெரியும், தங்கம். சரோஜாக்கா தவறி அதோட பத்து நாள். சாமானைத் திருப்பி அனுப்பிடலாம், பணத்தைக் கொடுத்துடலாம்னு போன் பண்ணேன். கருமாதி முடிஞ்சு வரேன்னு சொன்னார். சொன்ன மாதிரியே ஒரு சனிக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, நாலு நாள் தாடி. முன்சீட்ல அந்த ரெண்டு தலையணையும் அப்படியே இருந்துச்சு. "அவளுக்குன்னு வாங்கினது. போட்டுடுங்க"ன்னார்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன். அந்த வெளிச்சாமானை அன்னைக்கே போட்டிருக்கணும். என் வறட்டுப் பெருமை"ன்னேன். சொல்றப்ப அழுகை வந்துடுச்சு, அம்பத்தாறு வயசுல பட்டறை நடுவுல நின்னு அழுதேன். பரவாயில்லைன்னு அவர் சொல்லல. "நல்லதையே போடுங்கன்னு நானும்தானே சொன்னேன்"ன்னு மட்டும் சொல்லிட்டு, நாற்காலியில போய் உக்காந்தார்.

மத்தியானத்துக்குள்ள எல்லாம் மாட்டியாச்சு. கடைசி முடுக்குதான் பாக்கி. காடியைக் குழிக்கு மேல நிறுத்தினோம். நான் வழக்கம் போல கீழ இறங்கி ஸ்பேனரைக் கையில எடுத்துட்டேன். லிம்மும் வழக்கம் போல நோட்டைப் புரட்டிப் பார்த்து, பக்கத்துக் கடையில இருந்து அரிசிப் பையைத் தூக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டான். அஞ்சு கிலோப் பை, ஒன்பது. நாலஞ்சு பையை முன்சீட் கதவுகிட்ட இறக்கி வச்ச பிறகுதான் என்ன செய்றோம்னு அவனுக்கே உறைச்சுது. பையைக் கையில பிடிச்சபடி அப்படியே நின்னுட்டான். கீழ இருந்து அவனோட கால் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. நகரவே இல்ல.

தர்மா சார் எழுந்து வர்ற சத்தம் கேட்டுச்சு. "எத்தனை கிலோ எழுதியிருக்கு?"ன்னு கேட்டார். லிம் நோட்டைக் காட்டியிருக்கணும். அப்புறம் முன்சீட் கதவு திறந்துச்சு. தலையணை ரெண்டையும் எடுத்துப் பின்சீட்ல போட்டாராம், லிம் அப்புறம் சொன்னான். கதவை மெதுவா மூடினார். சுத்தி வந்து டிரைவர் சீட்ல ஏறி உக்காந்தார். காடி வலது பக்கம் மட்டும் லேசா அமுங்குச்சு. புது ஸ்ப்ரிங், ஒரு ஆட்டம் இல்ல. நான் ஸ்பேனரை நட்டுல மாட்டினேன், கை வரல. மேல இருந்து அவர் குரல், கோர்ட்டுல பேசுற அதே நிதானத்தோட, காடித் தரை வழியா இறங்கி வந்துச்சு: "காலியாவே இருக்கட்டும் மணியம். முடுக்குங்க. இனிமே அப்படித்தானே ஓடப் போகுது."

அந்தக் கறுப்பு செட் இன்னும் ரேக்லதான் இருக்கு, ஒரிஜினலா வெளிச்சாமானான்னு கேட்டு வர்றவங்களை இப்பல்லாம் நான் "பக்கத்து சீட்ல யாரு, அவங்களால எத்தனை நாள் காத்திருக்க முடியும்?"னு திருப்பிக் கேக்குறேன், கப்பல்ல வந்த சாமான் ஒரு வாரம்தான் லேட்டு, எனக்குப் புத்தி வர முப்பது வருஷம் ஆயிடுச்சு.